ஹசியெண்டா: கூட்டம் நிரம்பியும் கல்லா நிரம்பாத கிளப் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோயம்புத்தூரைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று சொல்லியே பழகிவிட்டோம். அசல் மான்செஸ்டரில் 1980களின் தொடக்கத்தில் பஞ்சாலைகளின் கதை முடிந்து, கிடங்குகள் பூட்டிக் கிடந்தன. அந்த ஊரில் ஓர் இசைக்குழு, ரெக்கார்டு விற்ற காசைப் போட்டு ஒரு நடன கிளப் திறந்தது. பதினைந்து வருஷம் ஓடியது, உலகம் முழுக்கப் பேர் வாங்கியது. காசு போட்டவர்கள் கையில் மட்டும் ஒன்றும் நிற்கவில்லை. அந்த கிளப்பைப் பற்றிப் பேச்செடுத்தால் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளும், எனக்குத் தெரிந்த பதில்களும் இவை.

ஹசியெண்டா எங்கே இருந்தது? எத்தனை வருஷம் நடந்தது?

மான்செஸ்டர் நகரின் நடுவில், விட்வொர்த் ஸ்ட்ரீட் வெஸ்ட் என்ற தெருவில். பின்பக்கம் ராச்டேல் கால்வாய். முன்பு அந்தக் கட்டடம் உல்லாசப் படகுகளை நிறுத்தி விற்கும் ஷோரூமாக இருந்தது. 1982 மே 21 அன்று கிளப்பாகத் திறந்தார்கள். கடைசியாக ஆட்டம் நடந்தது 1997 ஜூன் 28, சனிக்கிழமை. உள்ளே சுமார் 1,600 பேர் நிற்கலாம்.

முதலாளி யார்?

இதற்கு ஒரே பெயரைச் சொல்ல முடியாது. பிற்பாடு வந்த தொல்லைகளில் பாதிக்கு அதுவே காரணம்.

ஃபேக்டரி ரெக்கார்ட்ஸ் என்று ஓர் இசை நிறுவனம் 1978இல் மான்செஸ்டரில் தொடங்கியது. அதன் முகம் டோனி வில்சன். கிரனாடா டிவியில் செய்தி வாசிப்பார், நிகழ்ச்சி நடத்துவார், மேடை கிடைத்தால் தத்துவமும் பேசுவார். கூட இருந்தவர்கள் ஆலன் எராஸ்மஸ், அட்டைப் படம் வடிவமைக்கும் பீட்டர் சாவில், ஒலிப்பதிவில் மேதையான மார்ட்டின் ஹானெட், ஜாய் டிவிஷன் குழுவின் மேனேஜர் ராப் கிரெட்டன். ஜாய் டிவிஷனின் பாடகர் இயன் கர்டிஸ் 1980 மே மாதம் தற்கொலை செய்துகொண்டார். மிச்சமிருந்தவர்கள் நியூ ஆர்டர் என்று பெயரை மாற்றிக்கொண்டு வாசித்தார்கள்.

நியூ யார்க் போனபோது அங்கே இருந்த பெரிய நடன கிளப்புகளைப் பார்த்துவிட்டு, “நம்மூரில் இப்படி ஒன்று ஏன் இல்லை” என்று கேட்டவர் கிரெட்டன். கிளப்பின் உண்மையான தகப்பன் அவர் என்றே நான் சொல்வேன். வில்சன் பேசினார், கிரெட்டன் கட்டினார், காசு நியூ ஆர்டருடையது. அந்தக் காசை ஸ்டுடியோவில் போடலாம் என்று ஹானெட் சொல்லிப் பார்த்தார். யாரும் கேட்கவில்லை. ஃபேக்டரி மேல் வழக்குப் போட்டார்.

குழுவில் கிட்டார் பிடித்தவர்களுக்குத் தங்கள் பணம் எங்கே போகிறது என்பதே ரொம்ப நாள் சரியாகத் தெரியாது. நல்ல உள்ளம், மோசமான கணக்கு.

“ஹசியெண்டா” என்றால் என்ன? ஸ்பெயினுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

ஸ்பானிய மொழியில் பெரிய பண்ணை வீடு. ஸ்பெயினுக்கும் கிளப்புக்கும் சம்பந்தம் இல்லை. பாரிஸில் 1950களில் இவான் ஷ்செக்லோவ் என்ற இளைஞர், நகரங்கள் சலிப்பூட்டுகின்றன, புதுவிதமான நகரம் வேண்டும் என்று ஒரு கட்டுரை எழுதினார். அதில், அந்த ஹசியெண்டாவை நீ பார்க்கப்போவதில்லை, அது இல்லவே இல்லை, அதைக் கட்டித்தான் ஆகவேண்டும் என்று வரும். வில்சனும் கிரெட்டனும் அந்த வரியைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு கட்டுரையின் ஒற்றை வரிக்காகக் கட்டடம் பிடித்த ஆட்கள் என்றால், வரவு செலவு எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே ஊகிக்கலாம்.

அதை “ஃபேக் 51” என்று ஏன் சொல்கிறார்கள்?

“ஃபேக்” என்பது ஃபேக்டரியின் சுருக்கம். அங்கே எல்லாவற்றுக்கும் வரிசை எண் உண்டு. மற்ற நிறுவனங்கள் ரெக்கார்டுக்கு மட்டும் எண் போடும். இவர்கள் போஸ்டருக்கும் போட்டார்கள், ஹானெட் போட்ட வழக்குக்கும் போட்டார்கள் (அது 61). கிளப்பில் வளர்ந்த பூனைக்குக்கூட 191 என்று எண். 2007இல் வில்சன் இறந்தபோது அவருடைய சவப்பெட்டிக்கு 501. கிளப்பின் எண் 51.

உள்ளே எப்படி இருந்தது?

வடிவமைத்தவர் பென் கெல்லி. அந்தக் காலத்தில் நைட் கிளப் என்றால் மங்கல் விளக்கு, வெல்வெட் சோபா, தரையில் கம்பளம், நெக்டை கட்டாதவனுக்கு உள்ளே இடமில்லை. ஹசியெண்டாவில் இது எதுவும் கிடையாது. ஆலைக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். உயரமான கூரை, வெறும் செங்கல், சாம்பல்நீலப் பெயிண்ட்.

கூரையைத் தாங்கும் இரும்புத் தூண்கள் நடனத் தளத்தை ஒட்டியே நின்றன. எடுக்க முடியாது, எடுத்தால் கூரை இறங்கிவிடும். ஆடுகிறவன் போய் முட்டிக்கொள்வான். கெல்லி அவற்றை மறைக்கப் பார்க்காமல், தொழிற்சாலையில் ஆபத்தான இடத்துக்கு அடிக்கிற மஞ்சள்–கறுப்புச் சாய்கோட்டுப் பட்டையை அடித்துவிட்டார். தளத்தின் விளிம்பில், சாலை நடுவில் இரவில் மின்னுமே அந்தக் கண்ணாடிக் குமிழ்கள், அவற்றைப் பதித்தார். ஓரத்தில் போக்குவரத்துக் குட்டித்தூண்கள். கையில் பீருடன் வருகிறவன் தெரியாமல் ஆட்டத்துக்குள் கால் வைத்துவிடக் கூடாது, அவ்வளவுதான். அந்த எச்சரிக்கைப் பட்டை பிற்பாடு கிளப்பின் கொடியாகவே ஆகிவிட்டது. இன்று டீ சட்டையிலும் காபிக் கோப்பையிலும் விற்கிறார்கள்.

பார்களுக்கு வைத்த பெயரும் குறும்புதான்: சோவியத் யூனியனுக்கு வேலை பார்த்த பிரிட்டிஷ் உளவாளிகளின் நினைவாக. ஒன்றின் பெயர் கிம் ஃபில்பி. கீழ்த்தளத்தில் முடி வெட்டும் சலூன் ஒன்றும் இருந்தது.

பார்க்க அழகு, கேட்க நரகம். கண்ணாடிக் கூரையும் செங்கல் சுவரும் சேர்ந்து சத்தத்தை எதிரொலித்துக் குழப்பின. மேடை ஒரு பக்கமாக இருந்தது. டிஜே உட்காரும் இடம் மேடைக்குப் பக்கத்தில் ஒரு பொந்து. சின்ன இடுக்கு வழியாகத்தான் கூட்டத்தைப் பார்க்கலாம். பிறகுதான் பால்கனிக்கு மாற்றினார்கள். கட்டி முடிக்க மூன்று லட்சம் பவுண்டுக்கு மேல் ஆயிற்று. 1982இல் அது பெரிய தொகை.

திறந்த நாளிலிருந்தே கூட்டமா?

இல்லவே இல்லை. திறப்பு விழாவுக்கு பெர்னார்ட் மானிங் என்ற பழைய பாணி நகைச்சுவைக்காரரைக் கூப்பிட்டிருந்தார்கள். வந்திருந்ததோ தலைமுடியை முன்னால் விட்டுக்கொண்ட கலைக்கல்லூரிக் கூட்டம். மைக்கில் பேசியது யாருக்கும் புரியவில்லை, புரிந்தவர்கள் கத்தினார்கள். மானிங் சம்பளத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார் என்பது ஊரறிந்த கதை.

முதல் நான்கு வருஷம் வாரநாட்களில் உள்ளே ஈ ஓட்டினார்கள். 1,600 பேர் நிற்கும் இடத்தில் ஐம்பது அறுபது பேர் கோட்டைக் கழற்றாமல் நின்றால் எப்படி இருக்கும்? அதுவும் மான்செஸ்டர் குளிரில். நல்ல குழுக்கள் வந்து வாசித்த இரவுகளும் உண்டு, 1983இல் த ஸ்மித்ஸ் மாதிரி. ஐன்ஸ்டூர்சண்டே நொய்பாட்டன் என்ற ஜெர்மன் குழு இசை நிகழ்ச்சியின் பகுதியாகச் சுவரில் டிரில் போட்டது. மற்ற நாட்களில் நியூ ஆர்டர் உலகம் சுற்றி வாசித்துச் சம்பாதித்ததை இந்த யானைக்குத் தீனியாகப் போட்டார்கள்.

மடோனா அங்கே பாடினாரா?

ஆமாம். 1984 ஜனவரி 27 அன்று, சேனல் 4 டிவியின் ஓர் இசை நிகழ்ச்சிக்காக. அன்றைக்கு அங்கே இருந்தவர்கள் பெரிதாக ஒன்றும் கண்டுகொள்ளவில்லை. இன்று கேட்டால் மான்செஸ்டரில் பாதிப் பேர் நான் அங்கே இருந்தேன் என்பார்கள்.

அப்புறம் எப்போது நிலைமை மாறியது?

குழுக்கள் மேடையில் வாசிப்பதிலிருந்து டிஜே இசைத்தட்டுப் போடுவதற்குத் திரும்பியபோது. தொடக்க நாட்களில் ஹியூவன் கிளார்க் என்ற டிஜே, காலியான தளத்துக்கு அமெரிக்கக் கறுப்பினத்தவரின் நடன இசையைப் போட்டுக்கொண்டிருந்தார். ரசிகன் இன்னும் வந்து சேரவில்லை. 1986இல் மைக் பிக்கரிங் என்ற டிஜே வெள்ளிக்கிழமைகளில் “நியூட்” என்ற இரவைத் தொடங்கினார். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், எல்லோரும் துணியுடன்தான் ஆடினார்கள். அங்கே சிகாகோ, நியூ யார்க், டெட்ராய்ட்டிலிருந்து கப்பலேறி வந்த 12 அங்குலத் தட்டுகள் ஓடின.

வியாழக்கிழமை டேவ் ஹாஸ்லம். மாணவர் கூட்டம், கிட்டார் பாட்டும் ஹிப் ஹாப்பும் கலந்து. 1988 கோடையில் பிக்கரிங் விடுமுறைக்குப் போக, நாட்டிங்ஹாமில் இருந்து கிரேம் பார்க் என்பவரை மாற்று ஆளாகக் கூப்பிட்டார்கள். வந்தவர் போகவே இல்லை. இருவரும் சேர்ந்து ஆண்ட வெள்ளி இரவுகளைத்தான் பழைய ஆட்கள் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள்.

ஹவுஸ் இசை என்றால் என்ன? ஆசிட் ஹவுஸ் வேறா?

சிகாகோவில் வேர்ஹவுஸ் என்று ஒரு கிளப். அங்கே கறுப்பின, லத்தீன் இளைஞர்கள், பெரும்பாலும் தற்பாலின ஈர்ப்புடையவர்கள், ஃப்ராங்கி நக்கிள்ஸ் போடும் இசைக்கு ஆடினார்கள். “வேர்ஹவுஸில் கேட்கிற மாதிரி இசை” என்பது தேய்ந்து “ஹவுஸ்” ஆனது. நிமிஷத்துக்குச் சுமார் 120 தாள அடி, ஒவ்வொரு அடிக்கும் கிக் டிரம் விழும். நடுவில் மூச்சு வாங்க இடம் கிடையாது. ஒரு தட்டு முடியுமுன் அடுத்த தட்டை அதே வேகத்துக்கு இழுத்து ஒட்டிவிடுவார் டிஜே.

ஆசிட் ஹவுஸ் அதிலிருந்து பிரிந்த கிளை. ரோலண்ட் நிறுவனத்தின் டிபி–303 என்று ஒரு வெள்ளிநிறக் குட்டிப் பெட்டி. வீட்டில் தனியாக கிட்டார் பழகுகிறவனுக்குத் துணையாக, கீழ்ச்சுருதி கிட்டாரான பேஸ் வாசிக்கட்டும் என்று செய்தார்கள். வாசித்தது பேஸ் மாதிரியே இல்லை. விற்கவில்லை, 1984இல் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். பழைய சாமான் விலைக்கு வந்த பெட்டியை சிகாகோ பையன்கள் வாங்கி, ஓடிக்கொண்டிருக்கும்போதே திருகுகளைத் திருகினார்கள். அது கீச்சிட்டது, முனகியது, நெளிந்தது. அந்தச் சத்தம்தான் ஆசிட் ஹவுஸ்.

அதை முதலில் செய்தவர் ஓர் இந்தியர் என்கிறார்களே?

பாதி உண்மை. பம்பாய் சினிமா இசைக்குழுக்களில் வாசித்த சரண்ஜித் சிங், 1982இல் இதே 303 பெட்டியையும் ஒரு டிரம் மெஷினையும் வைத்து, பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஓர் எல்.பி. இசைத்தட்டு போட்டார். ஹசியெண்டா திறந்த அதே வருஷம். இன்று கேட்டால் ஆசிட் ஹவுஸ் மாதிரியேதான் இருக்கும். 303இன் வழுக்கலில் பைரவ் ராகம் என்னமாய் உட்காருகிறது! ஆனால் தட்டு அப்போது விற்கவில்லை. சிகாகோவில் அதை யாரும் கேட்டிருக்க வழியில்லை. 2010இல் மறுபதிப்பு வந்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. ஒரே பெட்டி, இரண்டு ஊர், ஒன்றுக்கொன்று தெரியாமல். முதலில் யார் என்ற போட்டியை விட இது எனக்குச் சுவாரசியமாக இருக்கிறது.

1988இல் அப்படி என்னதான் நடந்தது?

ஜூலை மாதம் புதன்கிழமைகளில் “ஹாட்” என்ற இரவு ஆரம்பித்தது. பிக்கரிங்கும் ஜான் டசில்வாவும் நடத்தினார்கள். தளத்துக்குப் பக்கத்தில் நிஜமாகவே ஒரு சின்ன நீச்சல் தொட்டி வைத்தார்கள். வேலைநாள் இரவில், வெளியே தூறல், உள்ளே ஆயிரத்துக்கு மேல் ஆட்கள். ஷூவும் சட்டையும் போட்டு மிடுக்காக வந்த காலம் போய், தொளதொள டீ சட்டையும் அகலக் கால்சட்டையும் வந்தன. வியர்வை ஆவியாகிக் கூரையில் பட்டுச் சொட்டியது என்று அன்று ஆடியவர்கள் எல்லோரும் தவறாமல் சொல்கிறார்கள்.

இசை மட்டும் இதைச் செய்யவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். எக்ஸ்டசி என்ற போதை மாத்திரை அந்தக் கோடையில் இங்கிலாந்து முழுக்கப் பரவியது. கால்பந்து மைதானத்தில் ஒருவரையொருவர் அடித்துக்கொண்டவர்கள் இங்கே கட்டிப்பிடித்து ஆடினார்கள் என்று உருகிச் சொல்வார்கள். அதில் உண்மை இருக்கிறது. அந்தக் கதை எங்கே போய் முடிந்தது என்பதும் சேர்ந்துதான் உண்மை.

இவ்வளவு கூட்டம் வந்தும் ஏன் நஷ்டம்?

இந்த ஒரு கேள்விக்காகத்தான் மற்றதையெல்லாம் எழுதினேன் என்றுகூடச் சொல்லலாம்.

நைட் கிளப் பிழைப்பு எளிய கணக்கு. வாசலில் வாங்கும் டிக்கெட் காசு டிஜே, விளக்கு, காவல், வாடகை என்று போய்விடும். லாபம் பாரில். ஆட வந்தவன் நாலு பீர் குடித்தால்தான் முதலாளிக்குச் சோறு. எக்ஸ்டசி போட்டவனுக்கோ பீர் இறங்காது. உடம்பு கொதிக்கும், நாக்கு வறளும், தண்ணீர்தான் வேண்டும்.

சனிக்கிழமை இரவு ஒரு மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். தளத்தில் கால் வைக்க இடமில்லை. பார் கவுண்டரிலோ கை நீட்டுகிற பத்துப் பேரில் எட்டுப் பேர் கேட்பது ஒரு டம்ளர் தண்ணீர். சிலர் அதுவும் கேட்காமல் கழிப்பறைக் குழாயில் பிடித்துக்கொண்டார்கள். பின்னால் பீர் பீப்பாய்கள் அப்படியே இருக்கின்றன. அதே இரவில் அதே கட்டடத்தின் ஒரு மூலையில் மாத்திரை விற்கிறவன் பை நிறையப் பணத்துடன் வீட்டுக்குப் போகிறான். அவன் வாடகை கட்டவில்லை, வரி கட்டவில்லை, சம்பளம் கொடுக்கவில்லை. கிளப் காலியாக இருந்தபோதாவது குடிக்கிறவர்கள் வந்தார்கள்! நிரம்பிய பிறகு அந்த வருமானமும் நிரம்பிய அளவுக்கு ஏறவில்லை.

இன்னொரு பக்கம் சட்டம். அப்போதெல்லாம் பப் 11 மணிக்கு மூட வேண்டும், கிளப் 2 மணிக்கு. சரியாகச் சூடு ஏறுகிற நேரத்தில் விளக்கைப் போட்டுவிடுவார்கள். கூட்டம் அப்படியே கிளம்பிப் பக்கத்து ஊர்களின் பாழடைந்த கிடங்குகளில் அனுமதியில்லாமல் நடந்த பார்ட்டிகளுக்குப் போய்விடும்.

நியூ ஆர்டரில் பேஸ் வாசித்த பீட்டர் ஹுக் 2009இல் சொன்ன கணக்குப்படி, கிளப் தின்ற பணம் 1.8 கோடி பவுண்டு வரை. கணக்கு வைத்திருந்த லட்சணத்தில் இதையும் அப்படியே நம்பிவிட முடியாது. நிர்வாகம் எப்படி நடக்கக் கூடாது என்பதற்கு அவர் ஒரு புத்தகமே எழுதினார், சிரித்துக்கொண்டே அழுகிற மாதிரி.

போலீஸ் எப்போது உள்ளே வந்தது?

1989 ஜூலையில் 16 வயதுப் பெண் ஒருத்தி அங்கே எக்ஸ்டசி சாப்பிட்டு மயங்கி விழுந்து, ஒன்றரை நாளில் மருத்துவமனையில் இறந்துபோனாள். பிரிட்டனில் எக்ஸ்டசியால் நேர்ந்த முதல் சாவுகளில் ஒன்றாக நாடு முழுக்கப் பேசப்பட்டது. 16 வயதுப் பெண் உள்ளே எப்படி வந்தாள் என்ற கேள்விக்குக் கிளப்பிடம் நல்ல பதில் இருந்திருக்க முடியாது. இந்த இடத்தில் பழைய நினைவுகளின் இனிப்பு எனக்கு இறங்குவதில்லை.

1990இல் லைசென்ஸை ரத்து செய்யப் போலீஸ் மனுப் போட்டது. கிளப், ஜார்ஜ் கார்மன் என்ற நாடறிந்த வழக்கறிஞரை வைத்து வாதாடியது. மாநகரசபைத் தலைவர் கிரஹாம் ஸ்ட்ரிங்கர் கிளப்புக்கு ஆதரவாக நின்றார்: செத்துக்கிடந்த நகருக்கு வெளியூர்க்காரர்களை இழுத்து வந்தது இவர்கள்தானே. வழக்குத் தள்ளிப்போய், 1991 ஜனவரி தொடக்கத்தில் லைசென்ஸ் தப்பியது.

அதே மாதக் கடைசியில் கிளப்பே தானாகக் கதவை மூடியது.

ஏன்? ஜெயித்துவிட்டார்களே?

போலீஸிடம் ஜெயித்தார்கள். துப்பாக்கியிடம் ஜெயிக்கவில்லை.

மாத்திரை வியாபாரம் எவன் கையில் என்பதில் சண்டை. சீதம் ஹில், மோஸ் சைடு, சால்ஃபர்டு என்று பகுதிக்கு ஒரு கும்பல். ஹசியெண்டாவின் தளத்தில் யார் விற்பது என்பது அவர்களுக்குக் கடைத்தெருவில் முதல் கடை யாருடையது என்கிற மாதிரி. பத்திரிகைகள் ஊரின் பெயரையே “கன்செஸ்டர்” என்று மாற்றி எழுதின. வாசலில் நிற்கும் பவுன்சர்களைத் துப்பாக்கி காட்டி மிரட்டினார்கள். இனி முடியாது என்று வில்சன் 1991 ஜனவரி இறுதியில் மூடினார்.

மே மாதம் திரும்பத் திறந்தபோது வாசலில் மெட்டல் டிடெக்டர் வைத்தார்கள். சில வாரங்களிலேயே பவுன்சர்கள் ஆறு பேர் கத்தியால் குத்தப்பட்டார்கள். கும்பலுக்குப் பயப்படாத பவுன்சர் வேண்டும். அப்படிப்பட்டவன் கும்பலோடு பழகியவனாகத்தான் இருப்பான். இந்தச் சிக்கலிலிருந்து கிளப் கடைசிவரை வெளியே வரவில்லை.

அதற்குப் பிறகு நல்ல இரவுகளே இல்லையா?

இருந்தன. 1991இல் தொடங்கிய “ஃபிளெஷ்” என்ற மாதாந்திர இரவு முக்கியமானது: ஓரின ஈர்ப்புடையவர்களுக்கென்று புதன்கிழமைகளில் நடந்தது. நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் பேருந்து பிடித்து வந்தார்கள். ஹவுஸ் இசையைப் பெற்றெடுத்ததே அந்தச் சமூகம்தான் என்பதால், இது வீடு திரும்பியதுபோல இருந்திருக்கும்.

ஃபேக்டரி ரெக்கார்ட்ஸ் என்ன ஆயிற்று?

1992 நவம்பரில் திவால். கிளப் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. புது அலுவலகத்துக்கும், இழுத்துக்கொண்டே போன ஒலிப்பதிவுகளுக்கும் பணம் கொட்டினார்கள். லண்டன் ரெக்கார்ட்ஸ் விலைக்கு வாங்க வந்தது. காகிதத்தைப் பார்த்தால், இசை எல்லாம் இசைக்கலைஞர்களுக்கே சொந்தம், நிறுவனத்துக்கு ஒன்றும் சொந்தமில்லை என்று வில்சன் தொடக்கத்தில் எழுதிக்கொடுத்த ஒப்பந்தம். அதுவும் அவருடைய ரத்தத்தால் எழுதியது என்பார்கள். வாங்குவதற்கு ஒன்றுமே இல்லை என்று வந்தவர்கள் போய்விட்டார்கள். கலைஞனை ஏமாற்றாத நிறுவனம் என்ற பெருமைக்குக் கொடுத்த விலை அது. அதற்காக வில்சனை என்னால் கேலி செய்ய முடியவில்லை.

கிளப் மட்டும் தத்தளித்துக்கொண்டு இன்னும் ஐந்து வருஷம் ஓடியது.

கடைசி இரவு எப்படி முடிந்தது?

பிரியாவிடை எல்லாம் கிடையாது. அதுதான் கடைசி என்று ஆடியவர்களுக்கே தெரியாது. நகரின் கிளப்புகளைப் பார்வையிட மாஜிஸ்திரேட்டுகளைப் போலீஸ் அழைத்து வந்த ஓர் இரவில், ஹசியெண்டா வாசலில் 18 வயதுப் பையனை உயிர் போகிற அளவுக்கு அடித்தார்கள், அவர்கள் கண்முன்னாலேயே. அதற்கு மேல் கார்மன் வந்தாலும் வாதாட என்ன இருக்கிறது? லைசென்ஸ் போனது, கடன் கழுத்தை நெரித்தது. 1997 ஜூன் 28க்குப் பிறகு கதவு திறக்கவில்லை. கிரெட்டன் அடுத்த இரண்டு வருஷத்தில், 1999 மே மாதம் இறந்தார்.

அரசாங்கம்தான் இந்த இசையைக் கொன்றது என்கிறார்களே?

1994இல் வந்த ஒரு சட்டம், திரும்பத் திரும்ப ஒலிக்கும் தாளமுள்ள இசையுடன் திறந்தவெளியில் கூடுவதைத் தடுக்கப் போலீஸுக்கு அதிகாரம் கொடுத்தது. தாளத்துக்குச் சட்டத்தில் விளக்கம் எழுதிய நாடு அது. கோபப்பட வேண்டிய சட்டம்தான். ஆனால் அது திறந்தவெளிப் பார்ட்டிகளை அடித்தது. ஹசியெண்டாவை அது மூடவில்லை.

அங்கே ஆடியவர்களில் பிற்பாடு பெரிய ஆளானவர்கள்?

மான்செஸ்டரில் சமையல் வேலைக்கு வந்த பிரெஞ்சுப் பையன் லோரான் கார்னியே, 1987இல் “டிஜே பெட்ரோ” என்ற பெயரில் அங்கே தட்டுப் போட்டார். பிற்பாடு டெக்னோ என்ற மின்னணு நடன இசையில் பிரான்சின் பெரிய கை. கெமிக்கல் பிரதர்ஸ் என்ற மின்னணு இசை இரட்டையரில் ஒருவரான டாம் ரௌலண்ட்ஸ் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுத்ததற்குப் பாடத்திட்டம் மட்டும் காரணமில்லை. மைக் பிக்கரிங் பிறகு எம் பீப்பிள் குழுவைத் தொடங்கினார்.

கட்டடம் இப்போது இருக்கிறதா? போனால் என்ன பார்க்கலாம்?

இல்லை. வீடு கட்டும் நிறுவனம் வாங்கி, 2002இல் இடித்துவிட்டது. அதற்கு முன் உள்ளே இருந்ததையெல்லாம் ஏலம் விட்டார்கள். ஆட்டத் தளத்தின் மரப்பலகைத் துண்டும் செங்கல்லும்கூட விலைபோயின. தளத்து மரத்தில் பீட்டர் ஹுக் பேஸ் கிட்டார் செய்துகொண்டார். அவர் பணத்தில் போட்ட தளம், அவர் கைக்கே ஒரு துண்டாக வந்து சேர்ந்தது.

அந்த இடத்தில் எழுந்த அடுக்குமாடிக்கு ஹசியெண்டா என்றே பெயர் வைத்து, பார்ட்டி முடிந்தது, இனி வீட்டுக்கு வரலாம் என்கிற மாதிரி விளம்பரமும் செய்தார்கள். பழைய ஆட்களுக்கு வயிறு எரிந்தது. பின்பக்கம் கால்வாய்ப் பாதையில் இறங்கினால், கிளப்பின் வருஷங்களைப் பொறித்த உலோகத் தகடுகளைப் பார்க்கலாம். மைக் பிக்கரிங்கும் கிரேம் பார்க்கும் 2016இல், அதே பாட்டுகளை மான்செஸ்டர் கேமராட்டா என்ற செவ்வியல் இசைக்குழுவுடன் சேர்ந்து பெரிய அரங்குகளில் வாசிக்கத் தொடங்கினார்கள். 1988இல் சட்டை நனைய ஆடியவர்கள் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள்.

ஆடத்தான் வேண்டும் என்றால் அதே தெருவில் சில நிமிஷம் நடங்கள். 1927இல் திறந்த ரிட்ஸ் நடன அரங்கு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.